என் பேத்தி பொட்டு வைத்துக் கூப்பிட்ட கூட்டம்

செப்டம்பர் 18, வியாழன்

மருமகள் உளுந்தைக் குறைத்துப் போட்டு இட்லி கல்லு மாதிரி. சொன்னால் மூஞ்சியைத் தூக்குவாள். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்றைக்கு அது இல்லை விஷயம். அகிலா டிஎஸ்சி பாஸ், அதான் வாத்தியார் பரீட்சை. ஆந்திரா கவர்மெண்டு லிஸ்டில் பேர் வந்துவிட்டது. என் பேத்தி கவர்மெண்டு டீச்சர். இன்னொரு தரம் எழுதிப் பார்க்கிறேன் - என் பேத்தி கவர்மெண்டு டீச்சர்.

ஜெகநாதன் தறிகிட்ட இருந்து பஞ்சு ஒட்டின தலையோடு வந்தான். என் மகனுக்குத் தெலுங்கு படிக்க வராது, தமிழும் தடவித் தடவித்தான். "எங்க இருக்குது பேரு, காட்டு" என்றான். அகிலா போனில் விரல் வைத்துக் காட்டினாள். அந்த எடத்தையே பார்த்துக்கினு இருந்தான். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு நகரி பஜாருக்குப் போய் மைசூர்பாகு வாங்கி வந்தான். அவங்க அப்பாவும் இப்படித்தான், சந்தோஷம் வந்தால் வாயடைச்சுப் போயிடும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தேன். கிருஷ்ணம்மா வீட்டுக்கு மட்டும் கொடுக்கல.

எதிர்வீட்டுக்காரி. மறந்துட்டேன்னு நினைச்சிருப்பா. நான் மறக்கற ஜென்மமா? என் வீட்டுக்காரர் செத்துப் போன அந்த வருஷம் அவ பொண்ணுக்குக் கல்யாணம். குங்குமப் பரணி எடுத்துக்கினு வீடு வீடா பொட்டு வச்சு அழைச்சிக்கினு வந்தா. பக்கத்து வீட்டுல வச்சா. என் வாசல் வந்ததும் பரணிய முந்தானையில மூடிக்கினு தாண்டிப் போனா. அடுத்த வீட்டுல திரும்ப வச்சா. அன்னிக்கு அவ கட்டினது பச்சைப் புடவை, மஞ்சள் பார்டர். புருஷன் போனவளுக்குப் பொட்டு இல்ல, சரி. வாயால ஒரு வார்த்தை, வா சுந்தராம்பா-ன்னு? வாயிலயும் குங்குமம் தீர்ந்து போச்சா?

இந்த டைரி புடவை வியாபாரி வருஷா வருஷம் கொடுக்கறது. எனக்கு ஞாபகம் வச்சிக்க டைரி வேண்டாம். நான் போனப்புறம் யாரும் மாத்திப் பேசக்கூடாதுன்னுதான் எழுதறேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ரங்கையா சாரைப் பார்க்கத் திருச்சானூர் போனேன். வீட்டில் தாயாரைச் சேவிக்கப் போறேன்னு சொன்னேன். சேவிக்கவும் செய்தேன். ஆனால் போனது ரங்கையாவுக்கு மைசூர்பாகு கொடுக்க.

ரங்கையா சார் நம்ம ஊர் இஸ்கூலில் வாத்தியார். ஜெகநாதனை அஞ்சு வருஷமும் பாஸ் போட்டு அனுப்பினவர். போய்க் கேட்டால், "மீ பையன் பங்காரம்மா, கணகணன்னு படிக்கறான்" என்பார். தங்கமாம். அந்தத் தங்கம் ஹைஸ்கூலில் போர்டைப் பார்த்து ஒரு வரி படிக்க முடியாமல் நின்றது. ஒன்பதாவதில் பையைத் தூக்கிப் பரண் மேல் போட்டுவிட்டு தறிக்கு வந்தான். அவர் இப்போது திருச்சானூரில் மகனோடு இருக்கிறார், மகன் லாட்ஜ் வைத்திருக்கிறான்.

திருப்பதியில் பிரம்மோற்சவக் கூட்டம். ஷேர் ஆட்டோவில் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டே போனேன். வீட்டைக் கண்டுபிடித்தேன். கிழவர் நாற்காலியில் பனியனோடு இருந்தார். "எவரம்மா?" என்றார். நகரி, தறிக்கார ஜெகநாதன் அம்மா என்றேன். "எந்த ஜெகநாதன்?" என்று கேட்டார். பாரு, பேர்கூட ஞாபகம் இல்லை. என் பேத்தி டீச்சராகிவிட்டாள் என்று டப்பாவை நீட்டினேன். நான் நினைத்த மாதிரி மூஞ்சி சுருங்கவில்லை. ஒரு துண்டு எடுத்துத் தின்றார்.

"எனக்கு அறுபது பேரம்மா, அஞ்சு கிளாஸ், நான் ஒருத்தன். உன் பேத்திக்கு எத்தனை பேரு?"

இன்னும் இஸ்கூல் கொடுக்கல, இப்பல்லாம் இருபது சொச்சம்தான் இருக்கும் என்றேன்.

"அப்ப அவளுக்குச் சாக்கு கிடையாது" என்றார்.

திரும்பி வரும்போது பஸ் முழுக்க இதுவே காதில் ஓடியது. இது என்ன பேச்சு, வாழ்த்தா சாபமா? மீதி மைசூர்பாகை டப்பாவோடு வாங்கி வந்திருக்கணும்.

அக்டோபர் 11, சனி

எந்த இஸ்கூல் வேண்டும் என்று கேட்டார்களாம். கூடப் பாஸ் ஆனவங்க எல்லாம் திருப்பதிப் பக்கம் கேட்டிருக்கிறார்கள். அகிலா கேட்டது நம்ம ஊர் இஸ்கூலை. அதை யாருமே கேட்கவில்லையாம், கேட்ட உடனே கொடுத்துவிட்டார்கள். ஏன் கேட்கவில்லை என்றால், பிள்ளைங்க கம்மி. இன்னும் மூணு நாலு பேர் கான்வென்ட் பஸ் ஏறிட்டா அந்த இஸ்கூலுக்கு ஒரே டீச்சர்தான் மிச்சம்னு பேசிக்கறாங்க. இப்போ அங்கே வாத்தியாராக இருக்கிற பெரியவர் உமாபதி சார் இருப்பார். புதுசா வந்தவளை எங்கேயோ தூக்கிப் போடுவார்கள்.

தெரிஞ்சே ஏன்டி கேட்டே என்றேன். "நடந்தே போயிடலாம் ஆயா" என்று சிரிக்கிறாள். திமிர். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 13, திங்கள்

போனாள். பச்சைப் புடவை. தெருவே வாசலில் நின்று பார்த்தது. கிருஷ்ணம்மாவும் பார்த்தாள். நல்லா பார்க்கட்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

இஸ்கூலுக்குப் போனதும் போனில் மூஞ்சியைக் காட்டணுமாம். போன் அவளைப் பார்த்து வந்துவிட்டாள் என்று எழுதிக்கொள்கிறது. மழைத் தண்ணி மூஞ்சியில் இருந்ததால் இன்றைக்கு அது இவளைத் தெரியாது என்று சொல்லிவிட்டது. முந்தானையில் துடைத்துத் துடைத்துக் காட்டினாளாம். அப்புறம் சோறு ஆக்கினதைப் போட்டோ. முட்டையைப் போட்டோ. கக்கூஸைப் போட்டோ. சிரித்துச் சிரித்து வயிறு வலி எனக்கு. ரங்கையா காலத்தில் இந்தப் போன் இருந்திருந்தால் பாதி நாள் அவர் மூஞ்சி கிடைத்திருக்காது.

பிள்ளைங்க வீட்டில் தமிழ் பேசுதுங்க. புத்தகம் ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் இங்கிலீஷ். இவள் தமிழில் சொல்லி, தெலுங்கில் எழுதி, இங்கிலீஷில் பாட்டுப் பாடுகிறாள். தொண்டை கட்டிவிட்டது. மிளகு ரசம் வைத்தேன்.

அக்டோபர் 29, புதன்

இன்றைக்குச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கேட்டேன்.

நாலாம் கிளாஸ் பிள்ளைங்க பாடத்தை அழகாகப் படிக்குதுங்களாம். விரல் வைத்து, வரிக்கு வரி நிறுத்தி. அதில் நடுவில் இருந்து ஒரு வரியை மட்டும் எடுத்து இவள் போர்டில் எழுதினாள். ஒருத்தருக்கும் படிக்க வரவில்லை. மூணாம் கிளாஸும் அப்படியே. அஞ்சாவதில் இரண்டு பேருக்கு மட்டும் வருகிறது. "எல்லாம் காதால படிச்சிருக்குதுங்க ஆயா. கண்ணால இல்ல."

எனக்குத் தெரியும் அது. மூணாவது வரைக்கும் நானும் அப்படித்தான் ஒப்பேத்தினேன். யாராவது ஒருத்தி முதலில் படித்தால் போதும், நான் அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவேன், கமாவோடு. எழுத்து என்று ஒன்று எனக்குப் பிடிபட்டது கல்யாணத்துக்கு அப்புறம், புடவைக் கட்டில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துப் பார்த்து.

ஜெகநாதன் நூல் கண்டு எடுக்க வந்தவன் கேட்டுக்கினு நின்றான்.

"ரங்கையா சார் கிளாஸ்ல நான்தான் எழுந்து நின்னு சத்தமா படிப்பேன்" என்றான். "தினம் நான்தான்."

கண்டை எடுக்காமலேயே போய்விட்டான்.

நவம்பர் 4, செவ்வாய்

உமாபதி சார் வீட்டுக்கே வந்தார். வரும் கோடையில் ரிட்டையர். நல்ல மனுஷன், யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. காப்பி கொடுத்தேன். விஷயம் இதுதான். டிசம்பரில் பேரண்ட்ஸ் மீட்டிங். வருஷா வருஷம் பிராக்ரஸ் கார்டில் எல்லாருக்கும் ஏ கிரேடு போட்டு கையெழுத்து வாங்குவது வழக்கம். இந்த வருஷம் நாலாம் கிளாஸ் கார்டில் அகிலா ஏ போடமாட்டேன் என்கிறாளாம்.

"அம்மா, நீங்களே சொல்லுங்க. படிக்க வரலன்னு எழுதிக் குடுத்தா மறுநாளே டிசி கேப்பாங்க. கான்வென்ட் பஸ்ஸு தெருக்கோடியில நிக்குது. பிள்ளைங்க போனா போறது யாரு? நான் இல்ல. உங்க பேத்தி."

இப்பதானே வேலை வந்தது, புடவையில மடிப்புகூட கலையல. அவர் போனதும் சொன்னேன். போட்டுட்டுப் போயேன்டி ஒரு ஏ. நீ மெல்ல மெல்ல சொல்லிக் குடு, யாரு வேணாம்னது. கார்டுல ஏ இருந்தா உனக்கு என்ன குத்துதா?

என்னையே பார்த்தாள்.

"அப்ப நீ ரங்கையா சார ஏன் ஆயா இத்தனை வருஷமா திட்டற?"

நவம்பர் 5, புதன்

பேசவில்லை அவளோடு.

நவம்பர் 6, வியாழன்

இன்றைக்கும் பேசவில்லை. அவள் என் மேல் சாய்ந்து உட்கார்ந்து போன் பார்த்தாள். நகர்ந்து உட்கார்ந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

அவள் சொன்னது தப்பில்லை. அதுதான் கோபம்.

நவம்பர் 27, வியாழன்

வாட்ஸ்அப் குரூப்பில் மீட்டிங் என்று போட்டாளாம். இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தர் கை கூப்பின பொம்மை அனுப்பியிருக்கிறார். போன வருஷமும் மூணு பேர்தான் வந்தார்களாம், மீதிக் கையெழுத்தை வீட்டுக்கு அனுப்பி வாங்கினார்கள். ஸ்ரீசிட்டி கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போறவங்க பாதி, தறிகிட்ட நிக்கறவங்க பாதி. இஸ்கூல் கூட்டத்துக்கு எவன் வருவான்?

சாயந்திரம் வந்து மருமகளிடம் குங்குமப் பரணி கேட்கிறாள் அகிலா. ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய்ப் பொட்டு வைத்து அழைக்கப் போகிறாளாம்!

எனக்கு வந்ததே ஆத்திரம். கல்யாணத்துக்கு அழைக்கறது அது, மஞ்சள் நீராட்டுக்கு அழைக்கறது. வாத்தியார்னா நாற்காலியில உக்காரணும், ஜனங்க கைகட்டிக்கினு வரணும். நீ பரணிய தூக்கிக்கினு வாசல் வாசலா நின்னா நாளைக்கு எவன் மதிப்பான்? எல்லாம் சொன்னேன்.

"பொட்டு வாங்கிக்கினா வராம இருப்பாங்களா ஆயா, சொல்லு" என்றாள்.

வராமல் இருக்க மாட்டார்கள். இந்த ஜில்லாவில் பொட்டு வாங்கிக்கொண்டு வராதவள் கிடையாது. காய்ச்சலோடு வருவாள். ஆனால் நான் முறத்தை எடுத்துக்கினு அரிசி புடைக்கப் போய்விட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

எல்லாத்தையும் எழுதணும். மெதுவாக எழுதறேன்.

காலையில் மருமகளும் அவளும் கிளம்பினார்கள். பரணி, வெற்றிலை பாக்கு, ஒரு டப்பா கற்கண்டு. கற்கண்டு சலீம் வீட்டுக்கு. சலீம் சாயப்பட்டறையில் வேலை, அவர் மகள் மூணாவது படிக்கிறாள். சலீம் பெண்டாட்டி, "எனக்கும் பொட்டு வைப்பீங்களோன்னு பயந்துட்டேன் டீச்சர்" என்று சிரித்தாளாம். நல்ல மனசு அவளுக்கு.

சும்மா அழைத்துவிட்டு வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, பிள்ளையைக் கூப்பிட்டு, அம்மாக்காரி முன்னால் படிக்க வைத்திருக்கிறாள். மருமகள் வந்து சொன்னாள். சுரேஷ்பாபு வீட்டில் அவன் மகன் தருண், நாலாவது, பாடத்தைக் கடகட என்று படித்தான். சுரேஷ்பாபு பெண்டாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. அகிலா புத்தகத்தை மூடினாள். சுவரில் இருந்த தெலுங்குக் காலண்டரில் ஒரு வார்த்தையைக் காட்டி இது என்ன என்றாள். ஆதிவாரம். ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவுதான். பிள்ளை காலண்டரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அழுதுவிட்டான். "அடுத்தவங்க முன்னாடி சொல்லக்கூடாதுன்னுதான்கா இங்க வந்தேன். மீட்டிங்ல இத எப்படிச் சரி பண்றதுன்னு பேசலாம், நீங்களும் அண்ணாவும் வரணும்" என்று சொல்லிப் பொட்டு வைத்தாளாம். சுரேஷ்பாபு வீட்டில் இல்லை, ஷிப்டு.

எல்லா வீட்டிலும் இப்படி. சில வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் நெற்றியைக் காட்டினார்கள்.

கடைசியாக எதிர்வீடு.

வாசலில் நின்று நானே பார்த்தேன். கிருஷ்ணம்மா பேத்தி மோனிகா நாலாவதில் படிக்கிறாள். அப்பா அம்மா இரண்டு பேரும் ஸ்ரீசிட்டியில் ரூம் எடுத்துத் தங்கி வேலை, குழந்தையைப் பார்ப்பது இவள்தான். இவளும் இப்போது என்னை மாதிரிதான், புருஷன் போய் நாலு வருஷம். எனக்கு மனசுக்குள்ளே ஒரே துள்ளல். தாண்டிப் போடி, தாண்டிப் போடி என்று. பரணியை மூடிக்கொண்டு வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதும், எனக்கு இத்தனை வருஷமா எரிஞ்ச வயிறு குளிர்ந்திருக்கும்.

அகிலா படியேறினாள். மோனிகாவைப் படிக்க வைத்தாள். அப்புறம் பரணியைத் திறந்து நீட்டினாள். "எடுத்துக்கறீங்களா ஆயா?" என்று கேட்டாள். கேட்டாள், தானாக வைக்கவில்லை. கிருஷ்ணம்மா பரணியையே பார்த்தாள். தலையை முன்னால் நீட்டினாள்.

நான் உள்ளே வந்துவிட்டேன். எனக்கு வைக்காம போனவளுக்கு என் பேத்தி வைக்கிறா. என் வீட்டுப் பரணி.

கொஞ்ச நேரம் கழித்து அகிலா வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"நீயும் வரணும் ஆயா."

"என் பிள்ளை எவனும் உங்க இஸ்கூல்ல படிக்கல."

"ஒருத்தன் படிச்சான் இல்ல? எங்க நைனா, உன் பிள்ளை."

பரணியை நீட்டினாள். நான் எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டாள். துடைக்கவில்லை. இப்போதும் இருக்கிறது, எழுதும்போது தொட்டுப் பார்த்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

அடேயப்பா. அடேயப்பா என்றுதான் எழுத வருது.

மீட்டிங்கில் ஒரு மணி நேரம் நாற்காலி எல்லாம் காலி. அகிலா கேட்டுக்கும் கிளாஸுக்கும் நடந்துக்கினே இருந்தாள். உமாபதி சார், பார்த்தியாம்மா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அப்புறம் தெருமுனையில் வந்தார்கள் பாரு. எல்லாரும் பட்டுப் புடவை. கையில் தட்டு! வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஜாக்கெட் பிட்டு, ஒருத்தி எவர்சில்வர் குடம். பொட்டு வைத்துக் கூப்பிட்டால் வெறுங்கையோடு எப்படி வருவார்கள்? உமாபதி சார் வெலவெலத்துப் போய், "யாருக்கம்மா கல்யாணம்?" என்று என்னைக் கேட்கிறார். மேஜை மேல் இடமில்லாமல் கரும்பலகைக்குக் கீழே வரிசையாக வைத்தார்கள். குடம் யாருக்கு என்று கேட்டால், டீச்சருக்கு என்கிறாள். அகிலா காது சிவந்துவிட்டது. குடத்தை இஸ்கூல் குடிதண்ணிக்கு வைத்துவிட்டார்கள்.

நான் கடைசி பெஞ்சில். கிருஷ்ணம்மா அதே பெஞ்சில் அந்தக் கோடியில். நடுவில் மூணு பேர் உட்காரலாம்.

சிரிப்பு அடங்கினதும் சுரேஷ்பாபு எழுந்தான். நைட் ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்திருக்கிறான், கண்ணெல்லாம் சிவப்பு.

"மூணு வருஷமா ஏ கிரேடுன்னு கையெழுத்து வாங்கினீங்க சார். நேத்து வந்த பொண்ணு என் பையனுக்குப் படிக்கவே வரலன்னு என் வீட்டுல வந்து சொல்லுது. எது பொய்யி?"

உமாபதி சார் கார்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதாவது சொல்லி மழுப்புவார் என்றுதான் நினைத்தேன்.

"கார்டுல இருக்கறது பொய்யி" என்றார்.

"அப்ப டிசி குடுங்க. கான்வென்ட்ல சேத்துக்கறேன்."

நாலைந்து பேர் ஆமாம் என்று முனகினார்கள். போச்சு. இவனோடு நாலு பேர் போனால் இவளும் போனாள்.

அகிலா அவன் முன்னால் வந்து நின்றாள்.

"டிசி கேட்டா குடுத்துடுவோம் அண்ணா. ஒண்ணு மட்டும் பண்ணுங்க. இவனுக்கு இன்னும் படிக்க வரலன்னு அங்க சொல்லிட்டுச் சேருங்க. சொல்லலன்னா அவங்களும் ஏ தான் போடுவாங்க. இங்க விட்டா, சங்கராந்தி கழிச்சு நீங்க எந்தப் பக்கத்த வேணும்னாலும் திறந்து கேளுங்க. பாடத்துல இல்லாத பக்கம். வரலன்னா நானே டிசி எழுதறேன்."

அவன் நின்றுகொண்டே இருந்தான். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. அப்போது பேசினது யார் என்று எழுத எனக்குப் பிடிக்கவில்லை. கிருஷ்ணம்மா.

"டேய் சுரேசு. பொட்டு வாங்கிக்கினு, தட்டு எடுத்துக்கினு வந்துட்டு, துன்னாம கொள்ளாம டிசி கேக்கற. எந்த ஊர் மரியாதைடா இது? உக்காரு."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவனும். உட்கார்ந்தான். நான் சிரிக்கவில்லை. மரியாதையைப் பத்திப் பேசறா பாரு அவ.

சாப்பாட்டில் பிள்ளைங்களோடு பெற்றவர்களும் பந்தி. சாப்பிட்டுக்கொண்டே சுரேஷ்பாபு கேட்டான், சரி டீச்சர், இஸ்கூல்ல சொல்லிக் குடுப்பே, வீட்டுல எங்க உக்காந்து படிப்பான், நம்ம தெருவுல தறி ஓடற ஓட்டத்துல நான் பேசறது எனக்கே கேக்கல. இதற்கு அகிலா முதல் தரமாக விழித்தாள்.

ஜெகநாதன் இஸ்கூல் கேட்டு ஓரம் நின்றிருந்தான். இத்தனை நேரமும் உள்ளேயே வரவில்லை. இஸ்கூல் விட்டதில் இருந்து அவன் அந்தக் கேட்டைத் தாண்டினதில்லை.

"சாயந்திரம் ஏழு மணிக்கு நான் தறிய நிறுத்திடறேன். அரை மணி" என்றான்.

உனக்கென்னப்பா, பொண்ணு கவர்மெண்டு சம்பளம் வாங்கறா என்று ஒருத்தன் குத்தினான். ஜெகநாதன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

டிசம்பர் 6, சனி

ஏழு மணிக்கு நிறுத்தினான். நம் வீடு மட்டும். மத்த தறி எல்லாம் ஓடிக்கினே இருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தான். பைத்தியக்காரன்.

டிசம்பர் 8, திங்கள்

இன்றைக்கு எதிர்வீட்டுத் தறியும் நின்றது. கிருஷ்ணம்மா தன் தறிக்காரனைத் திட்டி நிறுத்த வைத்தாள், எங்களுக்குக் கேட்கணும் என்றே உரக்கத் திட்டினாள்.

டிசம்பர் 19, வெள்ளி

இரண்டு வீட்டைத் தவிர எல்லாம் நின்றுவிட்டது. அந்த இரண்டு வீட்டுக்காரன் பேரும் எனக்குத் தெரியும், ஞாபகம் இருக்கும்.

அகிலா ஏழு மணிக்குத் தெருவில் நடக்கிறாள். ஒரு வீட்டில் உட்காருவதில்லை. வாசலில் நின்று கேட்டுக்கினு அடுத்த வீட்டுக்குப் போகிறாள். சீட்டில் வார்த்தை எழுதிக் கொண்டுவந்து கொடுக்கிறாள், நேற்றுக் கொடுத்தது இன்றைக்கு வராது, மனப்பாடம் பண்ண முடியாது. கால் வீங்கியிருக்கு. எண்ணெய் தேய்க்கிறேன் என்றால் வேண்டாம் என்கிறாள். தேய்த்தேன்.

உமாபதி சாரும் சாயந்திரத்தில் வர ஆரம்பித்துவிட்டார், குடையை ஊன்றிக்கொண்டு. அந்தக் கோடி வீடுகள் அவருக்கு.

ஜனவரி 2, வெள்ளி

சலீம் மகள் மருந்துக் கடை போர்டைப் படித்தாளாம், யாரும் சொல்லாமல். சலீம் தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்தார்.

மோனிகாவுக்கு மட்டும் வரவில்லை. எழுத்து வருது, சேர்த்தால் நின்றுவிடுகிறது. அகிலா சோறு தின்னும்போதுகூட அதைத்தான் யோசிக்கிறாள். ஒரு பிள்ளைக்கு வரலன்னா என்னடி, மத்தது எல்லாம் வருதே என்றேன். முறைத்தாள்.

ஜனவரி 15, வியாழன்

சங்கராந்தி. பொங்கல் வைத்தேன். எதிர்வீட்டில் இருந்து மோனிகா கையில் ஒரு கிண்ணம் பொங்கல் கொடுத்து அனுப்பியிருந்தாள். நெய் கம்மி. கிண்ணத்தை வெறுமனே திருப்பி அனுப்பக்கூடாதே, நம்ம வடை நாலு வைத்து அனுப்பினேன்.

ஜனவரி 20, செவ்வாய்

லீவு முடிந்து இஸ்கூல் திறந்ததும் சுரேஷ்பாபு போனான். சொன்ன மாதிரியே புத்தகத்தின் பின் பக்கத்தைத் திறந்து தருணைப் படிக்கச் சொன்னான். தருண் படித்தான். கடகட என்று இல்லை. மெதுவாக, இரண்டு தப்போடு, ஒரு இடத்தில் நின்று திரும்பப் போய். அகிலா வந்து கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள். சுரேஷ்பாபு டிசி கேட்கவில்லை. "தப்பு தப்பா படிக்கறான் டீச்சர்" என்றானாம். "ஆமா அண்ணா, இப்பதான் படிக்கறான்" என்றாளாம்.

கான்வென்ட் பஸ்ஸில் நம் தெருவில் இருந்து இந்த வருஷம் புதிதாக ஒருத்தரும் ஏறவில்லை. அகிலாவை எங்கேயும் தூக்கிப் போட மாட்டார்களாம், உமாபதி சார் சொன்னார். ராத்திரி பாயசம் வைத்தேன். மருமகள் சக்கரை அதிகம் என்றாள். இருக்கட்டும்.

ஜனவரி 29, வியாழன்

தெருவில் எல்லாத் தறியும் நிற்கிறது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருக்கு, மோனிகா படிக்கிறது இங்கே வரைக்கும் கேட்குது. மத்த பிள்ளைங்க எல்லாம் முடித்துவிட்டன. அகிலா எதிர்வீட்டு வாசலில் நிற்கிறாள், உள்ளே போகவில்லை, ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

நம் வீட்டுத் தறி ஓடினால்தான் மற்றவர்கள் சுவிட்சைப் போடுவார்கள், அது பழக்கமாகிவிட்டது. ஏழரை எப்பவோ தாண்டிப் போச்சு. தறியில் பாவு நூல் அப்படியே நிக்குது, நாளைக்குக் காலையில் புடவை கொடுக்கணும். ஜெகநாதன் கையை சுவிட்சு மேல் வைத்துக்கொண்டு நிற்கிறான். அந்தப் பிள்ளை ஒரு எழுத்தில் நிற்குது, அடுத்ததுக்கு வருது, திரும்ப முதலில் இருந்து.

இவன் உதடும் அசையுது.

இன்னும் போடல.